கழுகுக்கு ஒரு லென்ஸ்

கால்பந்து மைதானத்து மூலையில் நட்டிருந்த கொடிக்கம்பத்தைப் பார்த்து, "தள்ளி நில்லுப்பா" என்று அதட்டிய அன்றைக்குத்தான் நடுவருக்குக் கண்ணில் கோளாறு என்பது உறுதியானது. அவருக்குக் கண் தெரியாது என்று இரண்டு அணிக்காரர்களும் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அது மருத்துவக் கருத்து அல்ல. 'கழுகு' என்று பட்டப்பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். அதைப் பாராட்டு என்று நம்பியவர் அவர் ஒருவர் மட்டுமே.

மனைவி அவரைக் கையோடு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சொட்டு மருந்து விட்டு, கருவிக்குள் முகவாயை வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணுல முத்திப்போச்சு. அதை முதல்ல எடுத்துட்டு லென்ஸ் வெச்சிடலாம்." நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார். "என்னை அடையாளம் தெரியுதா சார்?"

"மருந்து விட்டுட்டீங்களே, என் வீட்டுக்காரியையே தெரியல."

"காலேஜ் பெண்கள் ஃபைனல். நான் அடிச்ச பந்து மேல் கம்பத்துல பட்டு, உள்ளே விழுந்து, வெளிய வந்துச்சு. நீங்க கோல் இல்லைன்னு விசில் அடிச்சீங்க."

நடுவருக்கு அந்த ஆட்டம் நினைவுக்கு வந்தது. ஆனால் பிடித்த பிடியை விடுகிற ஜாதி இல்லை அவர். "பந்து கோட்டைத் தாண்டல."

மனைவி மேஜைக்கடியில் ஒரு மிதி மிதித்தாள். "தாண்டிச்சுன்னு சொல்லித் தொலைங்க. கண்ணு அவங்க கையில இருக்கு."

"கண்ணு போனாலும் போகட்டும். அது கோல் இல்லை."

டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு லென்ஸ் விஷயத்துக்கு வந்தார். ஒரு வகையில் தூரம் மட்டும் பளிச்சென்று தெரியும். படிக்க, எழுதக் கண்ணாடி போட வேண்டும். இன்னொரு வகையில் தூரம், கிட்டம் எல்லாமே ஓரளவு தெரியும். பெரும்பாலும் கண்ணாடியே வேண்டாம்.

"எல்லாம் தெரியிறதையே வைங்க" என்றார் நடுவர் உடனே. மைதானத்தில் மூக்குக்கண்ணாடியோடு நிற்பதை நினைத்தாலே அவருக்கு மானம் போயிற்று.

"ராத்திரி ஆட்டமும் நடத்துறீங்கல்ல? அந்த லென்ஸ் வெச்சா சில பேருக்கு விளக்கைச் சுத்தி வளையம் வளையமாத் தெரியும். மங்கின வெளிச்சத்துல துல்லியமும் கொஞ்சம் குறையும். உங்க வேலைக்குத் தூரத்து லென்ஸ்தான் சரி."

நடுவர் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். கிசுகிசுப்பு என்று அவர் நினைத்ததே அடுத்த அறை வரை கேட்கும். "பழி வாங்குறா. மட்டமானதை என் தலையில கட்டப் பாக்குறா."

டாக்டரம்மா சிரித்தே விட்டார். "கோபம் இருக்கு சார், இல்லைங்கல. அதனாலதான் சொல்றேன். ராத்திரி ஆட்டத்துல தப்பா விசில் அடிச்சிட்டு, 'விளக்குல வளையம் தெரிஞ்சுது'ன்னு நீங்க ஒரு சாக்கு சொல்லக்கூடாது. இனிமே நீங்க பண்ற தப்பு முழுக்க உங்களோடதா இருக்கணும்."

 நடுவர்மேல் இவ்வளவு அக்கறையோடு இதுவரை யாரும் கோபப்பட்டதில்லை. தூரத்து லென்ஸுக்கே தலையாட்டினார்.

ஆபரேஷன் மேஜையில் கண் மரத்துக் கிடந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது. "இப்பக் கேக்குறேன். கோலா, இல்லையா?"

"இல்லை."

"சரி, பேசாதீங்க. தலை ஆடுது." பக்கத்தில் நின்ற நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முகமூடி உப்பியது.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிர்க்கட்டிடத்து மாடியில் காய்ந்த சட்டையின் பொத்தான்கூடத் தெரிந்தது. மனைவியைக் கிட்டத்தில் பார்த்தால் மட்டும் கொஞ்சம் மசமசவென்று இருந்தாள். "எட்டி நின்னா அழகா இருக்கே" என்று சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த கண்ணையும் முடித்துக்கொண்டு, டாக்டரம்மா சரி சொன்ன பிறகு, ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு இறங்கினார். காலை வாரிய ஒருவனுக்கு மஞ்சள் அட்டை காட்டிவிட்டு, அவன் சட்டை எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவதற்காகக் கழுத்துக் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "தாத்தா பேப்பர் படிக்கிறாருடா!" என்று ஒரு குரல். காது சிவந்தாலும் நிதானமாக எழுதி முடித்தார்.

கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்தார். அந்தக் கோடியில், கோல் கம்பத்துக்கடியில், கோல்கீப்பர் விரல்களை வட்டமாக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, கூன் போட்டு, நாக்கையும் நீட்டி ஆடிக்கொண்டிருந்தான். பழைய கண்ணுக்கு அவன் வெறும் பச்சைத் திட்டாகத்தான் தெரிந்திருப்பான்.

நடுவர் ஓடவில்லை. மைதானத்தின் முழு நீளத்தையும் ஆற அமர நடந்தார். பாதி தூரம் வரும்போதே கோல்கீப்பரின் விரல்கள் இறங்கிவிட்டன. நாக்குதான் உள்ளே போக மறந்திருந்தது. அவர் அவன் முன்னால் நின்று, அட்டையை உயர்த்திக் காட்டி, கண்ணாடியை மறுபடி மாட்டினார்.

"திரும்பு தம்பி. நம்பரை எழுதணும்."