வெட்டி எடுத்த ஒன்பது விநாடி

வானொலி நிலையத்தில் என்னைக் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் ஒருமுறை வரும் கலை நிகழ்ச்சிக்கு நான்தான் ஒலித் தொகுப்பாளன். நாடக விமர்சனம், ஓவியரோடு பேட்டி, புத்தகம் பற்றி ஒரு மணி நேரம் வளவள, எதைக் கொடுத்தாலும் இருபது நிமிடத்துக்குள் அடக்கிவிடுவேன். இருமல், 'வந்து... வந்து', மூச்சு இழுப்பது எல்லாம் போய்விடும். உளறுவாயர்களைக்கூட அறிவாளிகளாக்கி அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

புதுப்பித்த நாடக அரங்கத்தின் செயலாளர் பேட்டியிலும் அதைத்தான் செய்தேன். பேட்டி எடுத்த அம்மா கடைசியாகக் கேட்டார்: "மாடி மட்டும் பழசாச்சே, எத்தனை பேரைத் தாங்கும்?" செயலாளர் ஒன்பது விநாடி பேசவில்லை. பிறகு, "முந்நூறு பேர் தாராளமா உட்காரலாம்" என்றார். வானொலியில் மூன்று விநாடி சத்தம் வராவிட்டாலே மேலிடத்திலிருந்து போன் வந்துவிடும். ஒன்பதையும் வெட்டினேன். கேள்வி முடிந்த கையோடு பதில் சுடச்சுட வந்து விழுந்தது.

ஒலிபரப்பான அன்றே தங்கை போன் செய்தாள்.

"கேட்டேண்ணா. அந்த ஆளு பட்டுனு சொன்னாரே! ஞாயித்துக்கிழமை நாடகத்துக்கு நானும் குட்டியும் மாடியிலதான் உட்காரப் போறோம். அங்கிருந்து பாத்தா மேடை முழுசா தெரியுமாம்."

குட்டி அவள் மகள். வயது பதினொன்று, வாய் மட்டும் இருபத்தைந்து. நான் பேசும்போது 'வந்து' போட்டால் இரண்டு விரலைக் கத்திரிபோல ஆட்டிக் காட்டுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் வரிசையைப் பிடிக்கக் குட்டி முன்னால் ஓடினாள். தங்கை மூச்சு வாங்கிக்கொண்டு படியில் நின்றபோது மாடி இடிந்து இறங்கியது. செத்தவர்கள் பதினான்கு பேர். குட்டியை அவளுடைய செருப்பை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன்.

விசாரணைக் குழு போட்டார்கள். மாடி பலமில்லை என்பது தனக்குத் தெரியவே தெரியாது என்று செயலாளர் சாதித்தார். அதற்கு அவர் காட்டிய சாட்சி எங்கள் நிகழ்ச்சி. "யோசிக்கக்கூட இல்லாம பதில் சொல்லியிருக்கேன், நீங்களே கேளுங்க. மனசுல கள்ளம் இருந்தா அப்படி வருமா?" ஒலிபரப்பான பிரதியைக் குழு கேட்டு வாங்கிக்கொண்டது.

வெட்டாத ஒலிப்பதிவு என் கணினியில் இருந்தது. முப்பது நாள் ஆனால் தானாக அழிந்துவிடும். இருபத்தொன்பதாம் நாள் நிலைய இயக்குநரிடம் போய்ச் சொன்னேன்.

"ஒலிபரப்பானதைத்தானே கேட்டாங்க? குடுத்தாச்சு. நீ ஏன்யா வம்பை விலைக்கு வாங்கற?" என்றார்.

பொய் சொல்வானேன், எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. பதிவு அழிந்தால் செயலாளர் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். தங்கைக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் மத்தியானம் சாப்பிடப் போகாமல் அந்த ஒன்பது விநாடியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவளுக்குப் போன் செய்து நிலையத்துக்கு வரச் சொன்னேன்.

தொகுப்பு அறையில் அவள் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேள்வி முடிந்தது. செயலாளர் எச்சில் விழுங்குவது, நாற்காலி முனகுவது, மேசையில் பேனாவைத் தட்டுவது எல்லாம் அதில் உண்டு. இதற்குள் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. தங்கை இன்னொரு தரம் போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தரம்.

"இது ரேடியோல வரலியே?"

"வெட்டியாச்சு" என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதை இப்படியே கேட்டிருந்தா நாங்க கீழ உட்கார்ந்திருப்போம்."

பதிவைப் பென் டிரைவில் ஏற்றி அவள் கையில் கொடுத்தேன்.

"நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன். யாரு வெட்டினதுன்னு கேப்பாங்களே, என்னண்ணா சொல்லட்டும்?"

தெரியாமலா கேட்கிறாள்? இருபது வருஷமாக அவள் வீட்டில் உட்கார்ந்து நான் பீற்றிக்கொண்ட வேலை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்தேன். அவள் அவசரப்படுத்தாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் நாற்காலி முனகியது.

"எங்க அண்ணன்னு சொல்லு" என்றேன் கடைசியில்.

"சரி" என்று பென் டிரைவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். எப்போதும் அதோடு சேர்ந்து வரும் 'அண்ணா' வரவில்லை.