ஊசி போட்ட முகம்

காலை ஏழே கால். ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ வரிசை கதவுவரை நின்றது.

கவுண்டருக்குப் பின்னாலிருந்து அவள் நீட்டிய டம்ளரை நர்ஸ் வாங்கவில்லை.

"நீ குடுக்காதே. அந்த அண்ணன் குடுக்கட்டும்."

"ஏன் சிஸ்டர்?"

"மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தியா? நாலு பேர் சாப்பிடற இடம்."

பார்த்திருந்தாள். நெற்றி, கன்னம், தாடை எங்கும் ஒரே அளவில் சிவந்த பருக்கள். சில பழுத்திருந்தன. "இந்த வயசுல பருவா? வீட்டுக்காரர் வேற பொண்ணுன்னு நினைச்சு வழியப் போறார்" என்று நேற்று டீ ஆற்றுகிறவர் கிண்டலடித்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். இன்று அவர் தலை நிமிரவில்லை.

கால் மரத்துப்போகிறது என்று இதே ஆஸ்பத்திரியில்தான் காட்டினாள். பி-12 ஊசி எழுதினார்கள். போட்டது இந்த நர்ஸ்.

வரிசையில் நின்ற தோல் டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"பி-12 போட்டுக்கறீங்களா? சிலருக்கு அதால இப்படி வரும். யாருக்கும் ஒட்டாது. ஊசியை நிறுத்தினா அடங்கிடும். மாத்திரையா மாத்தித் தருவாங்களான்னு கேளுங்க."

நர்ஸ் வாங்காத டம்ளரை அவர் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

நர்ஸ் நேராகக் கல்லாவில் இருந்த கேன்டீன் முதலாளியிடம் போய்க் காதோரம் பேசினாள். முதலாளி எழுந்து வந்தார்.

"கொஞ்ச நாள் பின்னால பாத்திரம் கழுவும்மா."

"டாக்டர் சொன்னது காதுல விழலையா அண்ணே?"

"விழுந்துது. எனக்குப் புரியுது, வர்றவங்க போறவங்களுக்குப் புரியுமா? முகம் சரியானதும் வா."

"பின்னால எப்பவும் ஈரத் தரை. என் கால் எங்க படுதுன்னு எனக்கே தெரியாது. விழுந்தா யார் தூக்குவா?"

"பாத்து நட."

பாத்து நட. அவ்வளவுதான். டீ ஆற்றுகிறவரின் கை டம்ளர்களை நகர்த்திக்கொண்டே இருந்தது. வரிசையில் யாரோ, "சீக்கிரம்பா" என்றார்கள்.

நர்ஸ் திரும்ப வந்து டீ ஆற்றுகிறவரிடம் கையை நீட்டினாள்.

அவள் கவுண்டரை விட்டு நகரவில்லை. இன்னொரு டம்ளரை நிரப்பி நர்ஸ் முன்னால் வைத்தாள்.

"போன வாரம் இதே மூஞ்சியோடதான் வந்தேன். சூட்டுக் கட்டின்னு சொல்லி, என் கையைப் பிடிச்சு அடுத்த ஊசியையும் போட்டு அனுப்பினீங்க. அப்ப ஏன் சிஸ்டர் உங்களுக்கு ஒட்டலை?"