முதல் தண்ணீர்

“நாளையிலேர்ந்து முதல் குளியல் எனக்கு வேணும்ப்பா. ஹீட்டர்ல சுடற முதல் தண்ணியும் எனக்குத்தான்.”

அப்பாவிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். செருப்பு கேள், தனியாக ஒரு அலமாரி கேள், சம்பளத்தில் பாதியை நானே வைத்துக்கொள்கிறேன் என்றுகூடக் கேள். குளியலறை விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்காதே. மகள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா செய்தித்தாளை விரித்ததும் போய் எதிரில் நின்று கேட்டுவிட்டாள். சமையலறையில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, நடையின் கடைசியில் ஒரே ஒரு குளியலறை. அதன் சுவரில் தொங்கிய ஹீட்டர் ஒருமுறை சுட்டால் ஒரு ஆள் குளிக்கலாம். அடுத்த ஆளுக்கு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். வருடத்தில் எட்டு மாதம், குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிற ஊர். ஐந்தே முக்காலுக்கு அப்பா உள்ளே போவார். அவர் வெளியே வந்த கையோடு அண்ணன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிடுவான். தண்ணீர் சுடும்வரை அங்கேயே உட்கார்ந்து வீடியோ பார்ப்பான். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, ஆளே உட்கார்ந்து இடம் பிடிப்பது. அவன் வெளியே வர ஏழு மணி தாண்டிவிடும். அதன் பிறகுதான் பெண்கள், பச்சைத் தண்ணீரில்.

அப்பாவின் தையல் கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். அண்ணனின் போன் ரிப்பேர் கடை ஷட்டர் பத்துக்கு முன்னால் தூக்கப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது. மகளைப் பால் பண்ணைக்கு ஏற்றிப்போகும் வேன் மட்டும் ஆறு ஐம்பதுக்குத் தெருமுனையில் வந்து நிற்கும், ஒரு நிமிடம் பார்க்கும், போய்விடும்.

அவள் அங்கே பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வருகிற ஒவ்வொரு கேன் பாலிலும் மாதிரி எடுத்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா, புளிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. குளித்துத் தலையை மூடிக் கட்டாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடத்தின் சட்டம். குளித்துவிட்டுப் போனால் வேன் போய்விடும். வேனைப் பிடித்தால் குளியல் போய்விடும். இந்த இழுபறியில் அவள் பெயருக்கு எதிரே மூன்று சிவப்புக் கோடு விழுந்திருந்தது. நான்காவது விழுந்தால் பயிற்சிக் காலத்தோடு வீட்டுக்கு. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அந்தப் பட்டத்தை வைத்துக் கிடைத்த முதல் வேலை, அண்ணன் வீடியோ பார்த்து முடிப்பதற்குள் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

“நீ அஞ்சு மணிக்கே போயிடேன்” என்று அம்மாவும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் மகள் இருக்க வேண்டிய இடம் காய் நறுக்கும் பலகை. தவிர, முன்னால் யாராவது குளித்தால் தரை ஈரமாகிவிடும். அப்பாவுக்கு ஈரத் தரையில் கால் வைக்கப் பிடிக்காது.

அப்பா செய்தித்தாளை மடித்தார். நாலு பேர் நல்லவர் என்று சொல்கிற மனிதர். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

“எடுத்துக்கோ. இதுக்கா இப்படி வந்து நிக்கற?” என்றார். மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார்.

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவளை வாசலிலேயே மாலை போட்டுத் திருப்பி அனுப்பியது போல இருந்தது. எடுத்துவந்த வாதங்களெல்லாம் வாயிலேயே தங்கிவிட்டன. சமையலறைக்குப் போய், “பாத்தியா? கேட்டா கொடுக்கறாங்க. கேக்காம நீதான் இத்தன வருஷம் பயந்துட்டு இருந்த” என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டாள்.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “சரி பாப்பா. இனிமே நீ அஞ்சரை வரைக்கும் தூங்கு. காலை வேலைய நான் பாத்துக்கறேன்” என்றாள்.

மூன்று வாரம் வாழ்க்கை எண்ணெய் போட்ட கீல் மாதிரி ஓடியது. ஐந்தரைக்கு எழுந்து, சுடச்சுடக் குளித்து, ஆறே காலுக்கு நிதானமாகத் தேநீர் குடித்துவிட்டு இறங்கினாள். வேன் வருவதற்கு முன்னால் அவள் முனையில் நின்றாள். “என்னம்மா, இங்கயே படுத்துட்டியா?” என்று டிரைவர் கேட்கும் அளவுக்கு. மேடம் கூப்பிட்டு, இன்னும் பத்து நாளில் வேலை நிரந்தரக் கடிதம் தயாராகிவிடும், கெடுத்துக்கொள்ளாதே என்றாள்.

வீட்டில் சில விஷயங்கள் கண்ணில் படாமல் இல்லை. எதுவும் சமைக்காத பெரிய அலுமினியக் குண்டான் தினமும் காலையில் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அம்மாவின் மணிக்கட்டில் ஆவி பட்டது போல ஒரு சிவப்பு. மாலையில் வெங்காயம் உரித்தபடியே அம்மாவின் தலை தொங்கித் தொங்கி நிமிர்ந்தது. “என்னம்மா?” என்றால், “வயசாகுதில்ல” என்பாள். மகளும் சரி என்று விட்டுவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அண்ணன் அம்மாவின் போனோடு வந்தான். பேட்டரி செத்துப்போயிருந்ததைக் கடைக்கு எடுத்துப்போயிருந்தான். நால்வரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

“இந்தாம்மா, புது பேட்டரி போட்டாச்சு. ஒண்ணு கேக்கணும். நமக்குத் தெரியாம எங்கயாவது மாடு வாங்கிக் கட்டிருக்கியா?”

“என்னடா உளர்ற?”

“மூணு ஐம்பதுக்கு அலாரம் வெச்சிருக்க. தினமும். கடைல எல்லாரும் சிரிக்கறாங்க. இவ பண்ணைக்குப் பால் ஊத்தறவங்ககூட அந்த நேரத்துல எந்திரிக்க மாட்டாங்க.”

அம்மா கையை நீட்டிப் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். “அது ஏதோ பழசு. எடுக்கத் தெரியாம கெடக்குது.”

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். “உனக்கு எடுக்கவும் தெரியாது, வைக்கவும் தெரியாதேம்மா. யார் வெச்சது?”

அம்மா தண்ணீர்க் குவளையை நகர்த்தினாள். பதில் அப்பாவிடமிருந்து வந்தது.

“நான்தான் வெச்சுக் கொடுத்தேன். அவ கேட்டா.” உப்பு யார் வாங்கி வந்தது என்று கேட்டதற்குச் சொன்னது போலத்தான் சொன்னார். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

“மூணு ஐம்பதுக்கு எந்திரிச்சு என்னம்மா பண்ற?”

“என்ன பண்ணுவேன், வேலைதான்.”

“என்ன வேலை?”

விட மாட்டாள் என்று தெரிந்ததும் அம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள். காய் நறுக்குவது, மாவு பிசைவது, காய்ந்த துணியை மடிப்பது: மகள் செய்துகொண்டிருந்த வேலைகள். அதற்கப்புறம் குண்டானில் தண்ணீர் சுடவைப்பது. அப்பாவுக்கு ஒரு குண்டான், அவர் வந்ததும் அண்ணனுக்கு ஒரு குண்டான். கொதித்ததைத் தூக்கி நடை முழுக்கக் கொண்டுபோய் வாளியில் ஊற்றுவது. முன்னதாக, மகள் குளித்துவிட்டு வந்த தரையைத் துடைத்துக் காயவைப்பது.

“தினமுமா?”

“ஞாயித்துக்கிழமை இல்ல” என்றாள் அம்மா, சலுகை சொல்கிற மாதிரி.

ஆக, அப்பா எதையும் கொடுக்கவில்லை. அண்ணனும் கொடுக்கவில்லை. அவரவர் குளியல் அவரவர் நேரத்தில், அதே சூட்டில், காய்ந்த தரையில் நடந்துகொண்டிருந்தது. ஒரு கேன் பாலில் ஒரு குவளைத் தண்ணீர் கலந்திருந்தாலும் பிடித்துத் திருப்பி அனுப்புகிறவள், சொந்த வீட்டில் மூன்று வாரமாக ஏமாந்திருக்கிறாள். ஏமாந்தாள் என்பதுகூடப் பொய். கவிழ்ந்து கிடந்த குண்டானைப் பார்த்தாள், கேட்கவில்லை. கேட்டால் தூக்கம் போய்விடும். அந்தக் கடைசி எண்ணம்தான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

“தொரை” என்று அண்ணனைக் கூப்பிட்டாள். “உன் கடை பத்து மணிக்கு. எட்டு மணிக்குக் குளிச்சா உன் உடம்பு ஏத்துக்காதா?”

“எட்டு மணிக்குக் குளிச்சா அன்னிக்கு நாளே ஓடாது. ஆரம்பிச்சிட்டா பட்டதாரி. அம்மாவே ஒண்ணும் சொல்லல, உனக்கென்ன?”

“அம்மா சொல்ல மாட்டாங்கன்னு தெரிஞ்சுதான உள்ள போய் உக்காந்துக்கற.”

“குண்டான்ல வருதுன்னு எனக்கென்ன தெரியும்? வாளில சுடுதண்ணி இருந்துச்சு, ஊத்திக்கிட்டேன்.”

“வாளி தானா நடந்து வந்துச்சா?”

அப்பா கையை லேசாக உயர்த்தினார். “சாப்பிடற எடத்துல எதுக்கு? நீ கேட்டத கொடுத்தாச்சு. யாருக்கும் கஷ்டம் இல்லாம நடந்துட்டு இருக்கு.”

“யாருக்கும்னா யாருப்பா?”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா உடனே, “எனக்கென்ன கஷ்டம், மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்துப்பேன்” என்றாள். அப்பா மகளை நோக்கித் தலையசைத்தார், சாட்சி சொல்லியாயிற்று என்பது போல.

“உனக்கு அவ்ளோ உறுத்துச்சுன்னா பழைய மாதிரியே ஆகட்டும். எனக்கு ஆட்சேபம் இல்ல” என்றார். அவர் உண்மையிலேயே நியாயமாகப் பேசுவதாகத்தான் நினைத்தார். பழைய மாதிரி என்றால் நான்காவது சிவப்புக் கோடு. புது மாதிரி என்றால் மூணு ஐம்பது. மகள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியது. மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பதே அந்தச் சாப்பாட்டு விரிப்பில் யாருக்கும் தோன்றவில்லை.

தட்டுகளைக் கழுவும்போது அம்மா காதருகே வந்து, “பத்து நாள்தான பாப்பா. லெட்டர் கைக்கு வரட்டும். அதுவரைக்கும் வாயக் கட்டு. நான் செத்துட மாட்டேன்” என்றாள். மகள் அவள் கையைத் திருப்பி மணிக்கட்டைப் பார்த்தாள். பழைய சிவப்பின் மேல் புதிதாக இன்னொன்று இருந்தது.

“சரி” என்றாள் மகள். அம்மா அதை வேறு சரி என்று எடுத்துக்கொண்டு படுக்கப் போனாள். மகள் கவிழ்ந்து கிடந்த போனை எடுத்து மூணு ஐம்பதை அணைத்தாள். தன் போனில் நாலு ஐம்பதுக்கு வைத்தாள்.

காலையில் கத்திச் சத்தம் கேட்டு அம்மா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். “ஐயோ, மணி என்ன? அலாரமே அடிக்கலையே.”

“அஞ்சே கால். நான் அணைச்சுட்டேன். காய் முடிஞ்சுது. மாவு நான் பிசையறேன், நீ மத்ததப் பாரு. முன்ன எப்படியோ அப்படி.”

“தண்ணி சுட வைக்கணும்டி.” அம்மா குனிந்து பாத்திரத் தொட்டிக்கு அடியில் கையை விட்டாள். குண்டான் அங்கே இல்லை. மேலே தட்டிலும் இல்லை. “குண்டான எங்க வெச்ச?”

“இருக்கு.” மாவுக் கையைக் கழுவிவிட்டு மகள் குளிக்கப் போனாள். பத்து நிமிடத்தில் வந்தாள். வரும்போது ஹீட்டர் பொத்தானை மறுபடி தட்டிவிட்டு வந்தாள்.

உடை மாற்றி அவள் கிளம்பியபோது அப்பா தோளில் துண்டோடு நடையில் நின்றிருந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். குண்டான் வாசல் கதவருகே இருந்தது. அதற்குள் மகளுடைய கைப்பை, சாப்பாட்டு டப்பா, குடை.

“அத எங்கடி தூக்கிட்டுப் போற?” என்றாள் அம்மா.

“லேபுக்கு. பாட்டில் கழுவறதுக்குப் பெரிசா ஒண்ணு கொண்டாங்கன்னு மேடம் ரொம்ப நாளா கேக்கறாங்க.”

அம்மாவின் கண் அடுப்படியில் இருந்த சின்னப் பாத்திரத்துக்குப் போய்த் திரும்பியது. மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

“அதுல நாலு தடவை வெச்சுத் தூக்குவ. தெரியும். தூக்கினா நாளைக்கு அதையும் எடுத்துட்டுப் போவேன். கடைசில இந்த வீட்ல டீ போடற பாத்திரம் ஒண்ணுதான் மிஞ்சும். யார் யார் அதுல குளிப்பீங்கன்னு முடிவு பண்ணிக்கோங்க.”

அப்பா தொண்டையைச் செருமினார். “எனக்குத் தண்ணி?”

“ஹீட்டர் ஓடுதுப்பா. ஆறரைக்குச் சுட்டுடும். கடை ஒன்பதுக்குத்தான.”

“தரை ஈரமா இருக்கு.”

“ஆமாப்பா. துடைக்கற துணி கதவுக்குப் பின்னாடி தொங்குது.”

அவர் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அதன் பின்னால் ஒரு துணி தொங்குவது அவருக்கு இன்றுதான் தெரிந்தது போலிருந்தது. பிறகு, அதே மெல்லிய குரலில், “நாளைக்கு அஞ்சரைக்கே நான் உள்ள போயிட்டா என்ன பண்ணுவ?” என்று கேட்டார்.

“நாலரைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவேன். நீங்க நாலுக்கு வந்தா நான் மூணு ஐம்பதுக்கு. எனக்கு அலாரம் வைக்க யாரும் வேண்டாம்ப்பா, நானே வெச்சுக்குவேன்.”

உள்ளறையிலிருந்து அண்ணன் தூக்கக் குரலில் கத்தினான். “அம்மா, அப்பா போயாச்சா? எனக்குத் தண்ணி வெச்சாச்சா?”

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். அதற்குள் அடுப்பருகே போயிருந்த அம்மாவின் கை சின்னப் பாத்திரத்தின் பிடியில் இருந்தது. தூக்குவாளா, விடுவாளா என்று நின்று பார்க்க மகளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது அம்மா முடிவு செய்ய வேண்டியது. தான் செய்ய வேண்டியதை நேற்றே முடிவு செய்தாயிற்று. ஆறு ஐம்பது வேன் யாருக்காகவும் நிற்காது.

குண்டானை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தாள். படிக்கட்டு குறுகல். திரும்புகிற இடத்திலெல்லாம் குண்டான் கைப்பிடிக் கம்பியில் மோதி, மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி டங் என்றது. இரண்டாவது மாடியில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். மேலே அண்ணன் மறுபடி கத்துவது கேட்டது. “அம்மா, தண்ணி.”

பதில் வந்ததா என்று அவள் நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தாள்.