ஏழாவது வளைவில் வைத்த கல்

டிரைவர்கள் சொல்லும் விபத்துக் கதைகளில் தப்பு எப்போதும் எதிரே வந்தவனுடையதுதான். கச்சிராயப்பாளையத்தில் மலை ஏறும் வண்டிகள் நின்று போகிற டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும், தெரிந்துவிடும். எதிரே வந்தவன் குடித்திருப்பான், லைட் போடாமல் வந்திருப்பான், வளைவில் ஹாரன் அடித்திருக்கமாட்டான். கதை சொல்கிறவர் மட்டும் தன் பக்கத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருப்பார். அந்த எதிரே வந்தவர்கள் எல்லாம் எந்தக் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

தெய்வசிகாமணியிடமும் அப்படி ஒரு கதை உண்டு. ரிஷிவந்தியம் ரோட்டில், பின்னால் ஒரு விளக்குகூட இல்லாமல் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர். ஒரு சாண் இடைவெளியில் பிரேக் பிடித்து நின்றது வண்டி. ஆறு வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். டிராக்டரில் விளக்கு இல்லை என்பது சத்தியம். அந்த நேரத்தில் தன் கண் மூடியிருந்தது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

நைனார்பாளையத்துக்காரர். வயது ஐம்பத்திரண்டு. சொந்தமாக ஒரு குட்டியானை, சின்னச் சரக்கு வண்டி. மலைக்கு உர மூட்டை ஏற்றிப்போவார், திரும்பும்போது மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் இறக்குவார். மார்கழி பிறந்தால் கிழங்கு சீசன். விடிவதற்கு முன்னால் எழுந்திரு, ஓட்டு, இறக்கு, படு, மறுபடி எழுந்திரு. இடுப்பு எது, சீட்டு எது என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. உடம்பு முழுக்க ஓர் அலுப்பு, தூங்கினாலும் போகாத அலுப்பு.

அன்று காலை ஏழாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி சூடேறி ஆவி விட்டது. ஓரமாக நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் போய் இரண்டு மாதம் ஆகிறது. சரிசெய்ய வேண்டும், நாளைக்கு, நாளன்னைக்கு என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் மலையில் எங்கே நின்றாலும் பின் சக்கரத்துக்குக் கல்தான். வளைவு ஓரத்தில் வரிசையாகச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த கற்களில் ஒன்றைப் பெயர்த்து எடுத்து, சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். கால்மணி நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பினார். முன்னால் நகர்ந்துவிட்ட வண்டியை அந்த ஏற்றத்தில் மறுபடி நிறுத்தி, இறங்கிவந்து கல்லை எடுத்துப் போடுவதென்றால், அதற்கு இன்னொரு கல் வேண்டும். கூட ஆள் இருந்தால் காலால் தள்ளிவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வான். தனியாக ஓட்டுகிறவன் விட்டுவிட்டுப் போவான். மலையேறும் எல்லோரும் அப்படித்தான். இருபத்தாறு வருடத்தில் இப்படி எத்தனை கல்லை விட்டுவந்திருப்பார் என்று யார் எண்ணினார்கள்?

வெள்ளிமலை தாண்டி உரத்தை இறக்கிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு அவர் திரும்பியபோது மணி பதினொன்றரை. பனி இன்னும் முழுதாக விலகவில்லை. ஏழாவது வளைவில் ஒரு ஸ்கூட்டர் படுத்துக்கிடந்தது. பக்கத்தில், தடுப்புச் சுவரில் சாய்ந்து ஒரு பெண். நெற்றியில் ரத்தம். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"அண்ணா, நில்லுங்கண்ணா!"

"இன்னாம்மா ஆச்சி?"

"ஜீப்பு ஒண்ணு வளைவுல அகலமா வந்துச்சி. நான் ஓரம் கட்டினேன். ஒரு கல்லுல ஏறி சாஞ்சிட்டேன். ஜீப்புக்காரன் நிக்காமயே போயிட்டான். கை ஒடஞ்சிருக்குது. நான் நர்சு, எனக்குத் தெரியும்."

அவர் கீழே பார்த்தார். ஸ்கூட்டரின் முன் சக்கரத்துக்கு இரண்டடி தள்ளி அது கிடந்தது. ஒரு பக்கம் சுண்ணாம்பு, மறுபக்கம் அவருடைய டயரின் கறுப்பு. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் தெரிவதுபோலத் தெரிந்தது.

அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன் சீட்டில் உட்கார வைத்தார். "வண்டிய ஓரமா நிறுத்திட்டு வந்துடறேம்மா" என்று திரும்பி வந்தார். ஸ்கூட்டரைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினார். அப்புறம் கல்லைக் காலால் உருட்டி, சுவர் உடைந்திருந்த இடம் வழியாகப் பள்ளத்தில் தள்ளினார். இன்னொருத்தர் விழக்கூடாது இல்லையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதிதான் உண்மை என்பது அப்போதே தெரியும்.

கிளம்பி ஆறாவது வளைவில் திரும்பியதும் நடு ரோட்டில் ஒரு கல். கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்தது. கிழங்கு மூட்டைகள் ஒரு பக்கமாகச் சாய, வண்டி சுவரை உரசுகிற மாதிரி போய் மீண்டது. அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"எந்த அறிவுகெட்டவன் நடு ரோட்டுல கல்லப் போட்டான்? கண்ணு அவிஞ்சா பூடுச்சி?" என்று வாய் தன் பாட்டுக்குத் திட்டியது.

"பாருங்க, இங்கயும் கல்லு" என்றாள் அவள். பிறகு, "மேல நான் வியுந்த எடத்துல ஒரு கல்லு கெடந்துச்சே, நீங்க பாத்தீங்கல்ல?"

தெய்வசிகாமணி ரோட்டைப் பார்த்தபடியே, "பனியில ஒண்ணும் கண்ணுக்குத் தெரியலம்மா" என்றார்.

அவள் பெயர் தமிழ்மொழி. கச்சிராயப்பாளையத்தில் புகுந்த வீடு. மலைக் கிராமங்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்து, குழந்தைகளுக்கு ஊசி போடுகிற வேலை. தற்காலிக வேலைதான், விட்டால் போச்சு. பஸ் அந்தக் கிராமங்களுக்குள் போவதில்லை என்பதால் ஒரு வருடம் வீட்டில் சண்டை போட்டு ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். வழியெல்லாம் வலியை மறக்கப் பேசிக்கொண்டே வந்தாள்.

"வலியக்கூடப் பொறுத்துக்குவேன்ண்ணா. எங்கத்த சொல்லப்போறத நெனச்சாத்தான்."

கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எக்ஸ்ரே எடுத்து, முன்கை எலும்பு இரண்டாக உடைந்திருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். நெற்றியில் நான்கு தையல். அவளை விட்டுவிட்டு வரவும் மனசில்லை, இருக்கவும் முடியவில்லை. வராந்தாவில் நின்று நின்று கால் கடுத்தது. ஆலையில் ஐந்து மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

இரண்டு மணிவாக்கில் கணவன் இளஞ்செழியனும் மாமியார் கொளஞ்சியம்மாளும் வந்தார்கள். கொளஞ்சியம்மாள் முதலில் அழுதாள். மருமகள் உயிருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கோபம் வந்தது. பயந்துபோனவர்களுக்கு வருகிற கோபம்தான், ஆனாலும் சுட்டது.

"படிச்சிப் படிச்சி சொன்னேன், பொம்பள ஒருத்தி மலையில வண்டி ஓட்டிக்கினு போவ வேணாம்னு. கேட்டியா நீ?"

"கல்லு இருந்துச்சித்த. நான் ஒயுங்காத்தான் போனேன்."

"கல்லாம் கல்லு! எதுருல ஜீப்பு, கீழ கல்லு, மேல பனி. எல்லாத்து மேலயும் தப்பு, ஓட்டினவ மேல மட்டும் தப்பே கெடையாது!"

டீக்கடைக் கதைகளைக் கேட்டுத் தெய்வசிகாமணி வேண்டுமானால் இப்படிக் கேலி செய்திருக்கலாம். உண்மையைச் சொன்ன ஒருத்திக்கு அந்தக் கேலி போய்ச் சேர்ந்துவிட்டது.

இளஞ்செழியன் சாந்தமான ஆள் மாதிரித்தான் தெரிந்தான். அவன் அவரிடம் திரும்பி, "நீங்கதான் கொணாந்து சேத்தீங்களாங்க? ரொம்ப நன்றிங்க. அங்க கல்லு ஏதாச்சும் கெடந்துச்சாங்க?" என்று கேட்டான்.

தமிழ்மொழி அவர் முகத்தையே பார்த்தாள்.

"பனிங்க. நான் சரியா பாக்கல."

அவள் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இளஞ்செழியன் பெருமூச்சு விட்டு, "போதும் தமிழு. வண்டிய வித்துடலாம். இந்த வேலயும் வேணாம். உசுரோட வந்தியே, அது போதும்" என்றான். அதுவரை கை உடைந்தும் அழாதவள் சத்தமில்லாமல் அழுதாள்.

அவர் வெளியே வந்தார். மணி மூன்று. இப்போது கிளம்பினால் ஆலைக்குப் போய்விடலாம். இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று படுக்கலாம். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. உபகாரம் செய்த டிரைவர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். டீக்கடையில் சொல்வதற்கு இன்னொரு கதைகூட ஆகிவிட்டது: ஒரு நர்சம்மாவை மலையிலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த கதை.

வண்டியை எடுத்தார். பத்தடி நகர்ந்திருக்கும். பக்கக் கண்ணாடியில் பார்த்தால், ஆஸ்பத்திரி வாசலில், ஆள் நடக்கிற இடத்தில், ஒரு அரைச் செங்கல். சமதரையில் நிறுத்தும்போதும் சக்கரத்துக்கு அண்டை வைத்திருக்கிறார். எப்போது வைத்தார், எங்கிருந்து எடுத்தார் என்றுகூட நினைவில்லை. ஒரு ஆயா தண்ணீர்க் குடத்தோடு அதைத் தாண்டிக் காலைத் தூக்கிவைத்துப் போனாள்.

இன்ஜினை அணைத்தார். இறங்கிப்போய்ச் செங்கல்லை எடுத்துச் சுவரோரம் போட்டார். இந்த ஒன்றை எடுத்தாயிற்று, போதுமா என்று ஒரு கணம் நின்றார். போதவில்லை. படியேறினார்.

கட்டிலருகே போய் நின்று, தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்தம்மா சொல்றது நெசம்ங்க. கல்லு இருந்துச்சி. காலையில வண்டி சூடாயி நின்னப்ப நான்தான் வெச்சேன். எடுக்காம போயிட்டேன். வந்து பாத்ததும் நான்தான் உருட்டிப் பள்ளத்துல தள்ளினேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

இளஞ்செழியனின் கை அவர் சட்டையைப் பிடித்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அவர் விலகவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார். உண்மையில் அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

தமிழ்மொழி அவரைப் பார்க்கவே இல்லை. மாமியாரைத்தான் பார்த்தாள்.

"கேட்டியா அத்த? கல்லு இருந்துச்சி."

கொளஞ்சியம்மாள் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். தமிழ்மொழி அதற்குப் பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள். நெற்றியைச் சுருக்கி எதையோ யோசித்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும், முகம் சுளித்தாள்.

"எங்க தள்ளினீங்க? செவுரு ஒடஞ்ச எடத்துலயா?"

"ஆமாம்மா."

"அதுக்கு நேர் கீழ ஆறாவது வளைவுதான வருது?"

அவர் தினமும் ஏறி இறங்குகிற மலை. மேல் வளைவில் தள்ளியது கீழ் வளைவில்தான் போய் விழும். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வண்டியை ஒடித்ததும், அறிவுகெட்டவன், கண் அவிஞ்சவன் என்று தான் திட்டியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அத்தனையும் சரியான முகவரிக்குத்தான் போயிருக்கின்றன.

"அது இன்னும் அங்கயேதான கெடக்கும்" என்றாள் அவள். "பள்ளிக்கூடம் வுட்டா புள்ளைங்கள ஏத்திக்கினு வேன் வரும். யாரும் எறங்கி எடுக்கமாட்டாங்க, ஒதுங்கிக்கினுதான் போவாங்க. போயி எடுங்க. அப்பிடியே பள்ளத்துல தள்ளிடாதீங்க, இங்க எடுத்துக்கினு வாங்க. எங்கத்த கண்ணால பாக்கட்டும்."

கிழங்குச் சுமையோடு மலை ஏறினால் வண்டி மறுபடி ஆவி விடும். இளஞ்செழியன் சட்டையை விட்டான். "வாங்க" என்று மட்டும் சொல்லித் தன் பைக்கை எடுத்தான். கோபத்தையெல்லாம் ஆக்சிலேட்டரில் காட்டினான். பின்னால் உட்கார்ந்து பழக்கமில்லாத தெய்வசிகாமணி, ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே போனார்.

ஆறாவது வளைவில் இளஞ்செழியன் திரும்பினான். சக்கரத்துக்கு நேர் எதிரே கல். ஹேண்டிலை ஒடித்தான். வண்டி வழுக்கி, கால் தரையில் தேய்ந்து, சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. பைக்கில் சாய்ந்தபடி அவன் அந்தக் கல்லைப் பார்த்தான். அதைச் சுற்றி நாள் முழுக்க வண்டிகள் ஒதுங்கிப்போன டயர் தடம், பாதையாகவே விழுந்திருந்தது.

"கல்லு இருக்கும்னு தெரிஞ்சிதான் வந்தேன். அப்பவே இந்த கதி" என்றான். "அவ பாவம்ங்க."

மேலே போய் ஸ்கூட்டரைக் கிளப்பிப் பார்த்தார்கள். ஹேண்டில் கோணியிருந்தது, முன் விளக்கு நொறுங்கியிருந்தது, ஆனால் உதைத்ததும் ஓடியது. தெய்வசிகாமணி அதை ஓட்டிக்கொண்டு ஆறாவது வளைவுக்கு இறங்கினார். கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கும்போது இடுப்பு விட்டுப்போகும் போலிருந்தது. காலையில் இவ்வளவு கனக்கவில்லை. ஸ்கூட்டரில் கால் வைக்கிற தட்டில் அதை வைத்து, இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இளஞ்செழியன் பின்னாலேயே வந்து பைக் வெளிச்சத்தை அவருக்குக் காட்டினான்.

வளைவு முடிவதற்குள் கீழிருந்து பஸ் ஏறி வந்தது. ஓட்டுநர் இருசப்பன், டீக்கடையில் கூட உட்காருகிற ஆள். பஸ்ஸை நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா சிகாமணி, பொம்பள வண்டியில கல்லக் கட்டிக்கினு போற? அட, இந்தக் கல்லா! மதியம் எறங்கறப்ப பஸ்ஸையே கவுத்திருக்கும். எந்த நாதேறி போட்டான்னு தெரிஞ்சிதா?"

"நான்தான்யா போட்டேன்."

இருசப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கியரைப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கடந்துபோனார். தெய்வசிகாமணி காலால் கல்லை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கோணல் ஹேண்டிலை இறுக்கினார். கீழே போய்ச் சேர இன்னும் ஐந்து வளைவுகள் இருந்தன.