பதினேழாம் எண் சாவி

வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு என் பூட்டுக் கடையில் ஒரு பூட்டு திருடு போயிற்று. எடுத்தவர் குடைக்காரர். சாவி வெட்டும் இயந்திரத்தின் பக்கம் நான் திரும்பியபோது, அதன் பளபளப்பான மூடியில் அவர் கை பூட்டுகள் தொங்கும் பலகையிலிருந்து குடைக்குள் போவது தெரிந்தது.

குடைக்காரர் என்பது நான் வைத்த பெயர். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். எட்டு மாதமாக வாரம் இரண்டு நாள் வருவார். ஒன்றும் வாங்கமாட்டார். முக்காலியில் உட்கார்ந்து, இது எத்தனை லீவர், அது எத்தனை லீவர் என்று பூட்டு பூட்டாகக் கேட்பார். உள்ளே லீவர் தகடு கூடக் கூடப் பூட்டு உறுதி. போன முறை கேட்டதையே கேட்பார். நானும் முதன்முறை சொல்வதுபோலச் சொல்வேன். மனைவி போனபிறகு, காரியம் இல்லாமல் என்னோடு பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

மகளிடம் போனில் சொன்னேன். மருமகன் வாங்கிப் பேசினார். "ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடுங்க மாமா. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்குப் பலகையோட போகும்."

தேதி, நேரம், பொருள், ஆள் அடையாளம் என்று வரிசையாகப் புகார் எழுதினேன். பக்கத்துக் கடைத் தையற்காரர் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பூட்டுக் கடையிலயே திருட்டுன்னா, உங்கிட்ட எவன்யா பூட்டு வாங்குவான்?"

போன வருடம் அவர் கடையில் ஒரு கோட்டுத் துணி போனது. புகார் கொடுத்தார். மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு ஸ்டேஷன் பெஞ்சைத் தேய்த்ததுதான் மிச்சம். துணி வரவில்லை. தைக்கக் கொடுத்தவர்கள்தான், எங்கள் துணி பத்திரமா என்று வந்தார்கள்.

தாளை மடித்து இழுப்பறையில் வைத்தேன். யார் கேட்டாலும் சொல்லிக்கொள்ள இரண்டு காரணம் கிடைத்துவிட்டது. மூன்றாவதை யாரிடமும் சொல்லவில்லை. புகார் போனால் முக்காலிக்கு ஆள் வராது.

புகார் போகாமலும் வரவில்லை. ஒரு நாள் முக்காலிமேல் அட்டைப்பெட்டியை வைக்கப் போனேன். பிறகு தரையிலேயே வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் தொழிலில் பலகையில் தொங்கும் பூட்டு திறந்தே இருக்கும். சாவி அதோடு இருக்காது. இரண்டுக்கும் ஒரே எண்ணை ஒட்டி, சாவிகளை இழுப்பறையில் வைத்திருப்போம், விற்கும்போதுதான் சேர்ப்போம். அவர் எடுத்தது பதினேழாம் எண் பூட்டு. ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பிறகு என் இழுப்பறைதான் கதி.

மூன்றாம் வியாழன் வந்தார். சட்டை கசங்கியிருந்தது. உட்காரவில்லை.

"வீட்டுக் கதவுல மாட்டி அழுத்திட்டேன்," என்றார், தரையைப் பார்த்து. "நேத்துலேர்ந்து உள்ள போக முடியல."

"ஆள் கூப்பிட்டு உடைச்சிருக்கலாமே?"

"மனசு வரல. ஏழு லீவராச்சே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பதினேழாம் எண் வளையத்தில் இரண்டு சாவிகள். ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன்.

"இன்னொண்ணு?"

"இங்கயே இருக்கட்டும். கையில இருக்கறதைத் தொலைச்சா வருவீங்கல்ல."

அவர் முக்காலியை ஒருமுறை பார்த்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார். தெருமுனை வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

இன்னொரு சாவி இழுப்பறையில், புகார்த்தாளின்மேல் இருக்கிறது. அவர் எதையும் தொலைக்கிற ஆளாகத் தெரியவில்லை.