ஒற்றை வால் கல் பூச்சி

எங்கள் அதிகாரிக்குப் பூச்சி என்றாலே குமட்டும். அப்படிப்பட்டவர் இன்று காலை தானே ஆற்றில் இறங்கி மாதிரி எடுத்து வந்தாராம். பேன்ட் விளிம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஆற்றின் யோக்கியதையை அதில் வாழும் பூச்சிகளை வைத்துத்தான் நாங்கள் சொல்கிறோம். வலையில் சிக்கியதைத் தட்டில் கொட்டி, லென்ஸில் பார்த்து எண்ணுவது என் வேலை. கல் பூச்சி நல்ல தண்ணீரில்தான் பிழைக்கும். சாக்கடை என்றால் சிவப்புப் புழு நெளியும்.

புது வடிகட்டி போட்டிருக்கிறோம் என்று சொல்லி, முன்பு எங்கள் அலுவலகம் மூடவைத்த கழிவுக் குழாயைச் சோதனைக்காகத் திறந்திருக்கிறார்கள் சாயப்பட்டறைக்காரர்கள். கல் பூச்சி இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டால் அது நிரந்தரமாகத் திறந்துவிடும். குழாய்க்குக் கீழே என் தங்கை வீடு. அவள் மகளுக்கு முழங்கால் வரை புண்.

"பன்னெண்டு கல் பூச்சி. நானே எண்ணிட்டேன், சீக்கிரம் எழுதிக் குடும்மா" என்றார் அதிகாரி.

பன்னிரண்டும் வெளுத்து விறைத்துக் கிடந்தன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு வாலில் ஒன்று இல்லை. சுற்றிலும் சிவப்புப் புழுக்கள் குஷியாக நெளிந்தன. வருடக்கணக்கில் ஸ்பிரிட்டில் ஊறினால்தான் கல் பூச்சி இப்படி வெளுக்கும். அலமாரியைத் திறந்தேன். பயிற்சிக்காகக் கல் பூச்சிகளை ஊறவைத்திருந்த பாட்டில் காலி. திருட்டு வேலைக்கும் கொஞ்சம் மூளை வேண்டாமா? யாரையோ விட்டு அள்ளிய மாதிரியிலிருந்து புழுக்களைப் பொறுக்கி எறியக்கூட அந்த மனிதருக்குக் கை கூசியிருக்கிறது.

"பிடிக்கும்போது உயிரோட இருந்துச்சா சார்?"

"பின்ன? துள்ளுச்சு! வர்ற வழியில செத்திருக்கும்."

"புழு மட்டும் சாகலையே சார்."

அவர் முகம் கறுத்தது. "ரொம்பப் பேசாத. கையெழுத்தப் போடு. இல்லன்னா வேற ஊருக்கு மூட்டையக் கட்டு."

பயமாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு பட்டறைக்காரங்க சொல்லிட்டுப் போறாங்க. பாப்பாவ ஆத்துல குளிப்பாட்டவா?"

"தொடாத" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பேனாவை எடுத்தேன். சிவப்புப் புழு, முந்நூற்று நாற்பது, உயிருடன். கல் பூச்சி, பன்னிரண்டு. குறிப்பு என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினேன்: இவற்றை மூன்று வருடங்களுக்கு முன் மலை ஓடையில் பிடித்தவள் நான். ஒன்றின் வாலை உடைத்தவளும் நான்தான்.

அதன்கீழ் அவர் கேட்ட கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தேன்.