முப்பத்தைந்து குத்து

டீனின் மேசையில் அன்று காலை இரண்டு காகிதங்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று பதினொரு மணிக் கூட்டத்துக்கான கோப்பு. கான்கிரீட் ஆய்வக உதவியாளருக்கு மேற்பார்வையாளர் பதவி கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். அவர் ஓய்வு பெற ஏழு மாதம்தான் பாக்கி. இந்த முறை விட்டால் அவ்வளவுதான்.

இன்னொன்று, இளம் விரிவுரையாளர் சற்றுமுன் துள்ளிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போன சோதனை முடிவு.

"உங்க சாம்பல் கான்கிரீட் கலவைய மறுபடி செஞ்சு பார்த்தேன் சார். கலந்து அரை மணி நேரத்துல இறுகிடுது. அப்புறம் யார் கம்பியால குத்தினாலும் உள்ள ஓட்டை விழுந்துடுது. கடைசியா அச்சுல வார்த்த க்யூப்தான் முதல்ல உடையுது. உங்க பேப்பர்ல ஆறு க்யூப்தான் இருக்கு. அதுக்கு மேல வார்க்கலயா?"

"ஞாபகம் இல்லம்மா."

பச்சைப் பொய். வார்த்தது ஒன்பது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு, வார்த்த இருபத்தெட்டாம் நாள் வலிமை பார்க்க அழுத்தியபோது கடைசி மூன்றும் பொசுக்கென்று நொறுங்கின. "கலவை சீக்கிரம் இறுகுது சார், கம்பி இறங்க மாட்டேங்குது" என்று உதவியாளர் வார்க்கும்போதே சொல்லியிருந்தார். யார் காதில் விழுந்தது? கட்டுரை அனுப்ப ஒரு வாரம்தான் இருந்தது. மூன்றையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டுப் பதிவேட்டில் டீன் தன் கையாலேயே எழுதினார்: 'வார்ப்பில் கவனக்குறைவு.' உதவியாளருக்கு மெமோ போனது. மிச்சமிருந்த ஆறு க்யூபும் இவரைப் பேராசிரியராக்கி, துறைத்தலைவராக்கி, இந்த நாற்காலி வரைக்கும் தூக்கிவந்து உட்கார வைத்தன.

கூட்டத்தில் பதிவாளர் கோப்பைப் புரட்டினார். "இந்தாள் மேல பழைய ரிமார்க் ஒண்ணு இருக்கு சார். இதுக்காகவே ரெண்டு தடவை தள்ளிவிட்டிருக்கோம்."

அந்த இரண்டு தடவையும் தலைமை தாங்கியது யார் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. 'அதை எழுதினது நான்தான், பொய்யா எழுதினேன்' என்பது தொண்டை வரை வந்தது. வந்து அங்கேயே நின்றுகொண்டது.

"ரொம்பப் பழசு. விட்டுடலாமே," என்றார்.

"உங்களுக்குப் பெரிய மனசு சார்," என்றார் பதிவாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். பதவி கிடைத்துவிட்டது. டீன் தண்ணீர் குடித்தார். பாவம், பெரிய மனசு!

மதியம் உதவியாளர் டீனின் அறை வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அந்த மூணு க்யூப் இன்னிக்கும் உறுத்துது சார். இறுகுதுன்னு சாக்கு சொன்னேன். ஒழுங்கா குத்தியிருந்தா நின்னுருக்கும்தானே? அதுலருந்துதான் ஒவ்வொரு குத்தையும் வாய்விட்டு எண்ண ஆரம்பிச்சேன். நீங்க அதையெல்லாம் மறந்து மன்னிச்சிட்டீங்க."

டீனுக்கு முகம் எரிந்தது. அச்சில் போடும் ஒரு அடுக்குக்கு முப்பத்தைந்து குத்து. ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணித்தான் குத்துவார் மனிதர். மாணவர்கள் வைத்த பெயரே 'முப்பத்தஞ்சு'. அதைச் சொல்லி ஆண்டுவிழா மேடையில் இவரே எத்தனை தடவை சிரிப்பு மூட்டியிருக்கிறார்!

"உங்க தப்பு இல்ல அது," என்றார் மெல்ல.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க சார். கிளாஸ் இருக்கு, வரட்டுமா?"

போய்விட்டார். டீன் சோதனை முடிவை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கால் பின்னுக்கு இழுத்தது. திரும்பிவிடலாம், யாருக்கும் தெரியாது. அது நினைவில் வந்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டுக்கொண்டே ஆய்வகத்துக்குள் நுழைந்தார்.

விரிவுரையாளரும் இருபது மாணவர்களும் சுற்றி நிற்க, உதவியாளர் அச்சில் கம்பியால் குத்திக்கொண்டிருந்தார். "முப்பத்தி மூணு, முப்பத்தி நாலு, முப்பத்தஞ்சு." நிமிர்ந்தார்.

"எல்லாரும் கேளுங்க," என்றார் டீன். "என் கலவைதான் கோளாறு. இவர் அன்னிக்கே சொன்னார். எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் பழிய இவர் மேல போட்டேன். பதிவேட்டுல எழுதினது பொய்."

விரிவுரையாளர் கையிலிருந்த பேனாவை மூடினாள். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உதவியாளர் டீனையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது டீனுக்கு.

"தெரியுமா சார்?" என்றார் கடைசியில். "அப்பவே தெரியுமா?"

டீன் தலையாட்டினார்.

உதவியாளர் அச்சைப் பார்த்தார். "இறுகிடும். அடுத்த அடுக்கு போடணும்," என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கலவையை அள்ளிப் போட்டார். கம்பியை எடுத்துக் குத்தத் தொடங்கினார். இந்த முறை எண்ண வாய் திறக்கவில்லை.

கம்பி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. டீன் நின்ற இடத்திலேயே நின்று, மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினார்.